அண்டா ஒன்று, இலை முப்பது

அன்று அங்கே இருந்தவர்கள்: பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் முப்பது பேர். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் செல்வராணி டீச்சர். பரீட்சை நடத்த வேறு பள்ளியிலிருந்து வந்த துரைப்பாண்டி சார். பள்ளிக்கூடத்துக்குச் சொந்தக்காரரான கரஸ்பாண்டென்ட் பாக்கியலட்சுமி அம்மா. ஆபீஸ் உதவியாளர் ஆரோக்கியம். அப்புறம் நான். மொத்தம் முப்பத்தைந்து பேர்.

இந்தக் கணக்கு என் ஞாபகத்திலிருந்து எடுத்ததல்ல. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிறவன் நான். என் ஞாபகத்தை யாரும் நம்ப வேண்டாம். இது துரைப்பாண்டி சார் அன்றைக்கு ஒரு வெள்ளைத்தாளில் கைப்பட எழுதிய பட்டியல். ஒவ்வொரு பேருக்கும் எதிரே, அந்த ஆள் அங்கே என்ன வேலையாக இருந்தார் என்று ஒரு கட்டம் போட்டிருந்தார். என் பேருக்கு எதிரே ஒரே ஒரு சொல்தான் இருந்தது. ‘உட்கார்ந்திருந்தவர்.’

தூறல் நின்றது

நத்தம் ரோட்டில் புளியந்தோப்பும் மாந்தோப்பும் மாறி மாறி வரும் இடத்தில் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடம் இருக்கிறது. போன மாம்பூக் காலம். பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கிற சமயம். கம்ப்யூட்டர் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. நான் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன். எங்கே போயிருந்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதில் அவசரம் இல்லை. போகும்போதுதான் அவசரம்.

முப்பது பேர் ஒன்றாகக் கீபோர்டு தட்டினால் தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம் கேட்கும். அந்தத் தூறலைக் கேட்டுக்கொண்டேதான் மைதானத்தைக் கடந்தேன். புளியமரத்தைத் தாண்டும்போது தூறல் நின்றுவிட்டது.

ஓடினேன். தேர்வு நடக்கும் அறைக்குள் நான் கால் வைக்கக் கூடாது. வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். வாசலை ஒட்டிய நாற்காலியில் பாண்டீஸ்வரி என்ற பெண் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணே, அப்பிடியே நின்னுபோச்சு.”

“உனக்கு மட்டுமா?”

“அம்புட்டுப் பேருக்கும்.”

“எல்லாருக்குமா?”

“ஒண்ணு கெட்டா சரிங்கலாம். முப்பதும் ஒரே நேரத்துல எப்பிடிண்ணே சாகும்? பேசி வச்சுக்கிட்டா சாகுதுக?”

நல்ல கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தவர்கள் அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டே பேர், செல்வராணி டீச்சரும் நானும். கரஸ்பாண்டென்ட் அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று நான் மூன்று வருஷமாகச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நான் விற்ற சரக்கு

டிவி ரிப்பேர் கடையில் எனக்கு ஷாக் அடித்த கதையைப் போன வார இதழில் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார், ‘நீங்கள் எதற்கெடுத்தாலும் ஏன் பயப்படுகிறீர்கள்?’ என்று. ஐயா, அந்தக் கேள்வியைப் படித்ததிலிருந்தே எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

டிவி போய்க் கம்ப்யூட்டர் வந்த பிறகு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை பிடித்தேன். கம்ப்யூட்டர் ரிப்பேர், பழசு வாங்கி விற்பது, பள்ளிக்கூடங்களுக்கு லேப் போட்டுக் கொடுப்பது. ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாதவன் பள்ளிக்கூடங்களுக்குள் போய் வர இந்த நாட்டில் இரண்டே வழிதான். ஒன்று, பிள்ளையைச் சேர்க்கப் போகலாம். இன்னொன்று, லேப் போடப் போகலாம்.

இந்தப் பள்ளியில் பழைய கம்ப்யூட்டர் பதினொன்று இருந்தன. ஆறு ஓடின, மூன்று இருமின, இரண்டு சும்மா பேருக்கு இருந்தன. கரஸ்பாண்டென்ட் அம்மாவுக்கு முப்பது வேண்டும். விலையும் குறைய வேண்டும், கரண்ட்டும் குறைய வேண்டும். அதற்குப் பொருத்தமானது தின் கிளையன்ட்.

டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. திரைக்குப் பின்னால் மாட்டிவிடலாம். உள்ளே ஃபேன் கிடையாது, ஹார்டு டிஸ்க் கிடையாது, சொல்லப்போனால் பெரிதாக எதுவுமே கிடையாது. மூளை பூராவும் மூலையில் இருக்கும் ஒரு பெரிய கம்ப்யூட்டரில். அதைச் சர்வர் என்போம். பிள்ளைகள் இங்கே தட்டுவது கேபிள் வழியாக அங்கே போகும். கணக்கெல்லாம் அங்கே நடக்கும். விடை மட்டும் திரும்பி வந்து திரையில் தெரியும். ஆளுக்கொரு மூளை வாங்காமல், ஒரே மூளையை வாங்கி முப்பது பேர் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. நம் வீடுகளில் ஒரு செல்போன் சார்ஜருக்கு நடப்பதுதான்.

இதைக் கரஸ்பாண்டென்ட் அம்மாவுக்குப் புரிய வைக்க முதல் நாளே உதாரணத்தோடு தயார் செய்துகொண்டேன். என் மனைவி மல்லிகாவை எதிரே உட்கார வைத்து இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். “நல்லா இருக்கு, ஆனா பசிக்குது” என்றாள்.

மறுநாள் அம்மாவின் அறையில் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தம்பி, ஒரே கேள்வி. இது கம்ப்யூட்டரா, இல்லையா?”

பயந்தவனிடம் இப்படி இரண்டாகப் பிளந்து கேட்கக் கூடாது.

“கம்ப்யூட்டர்தாம்மா.”

“முப்பதும்?”

“முப்பதும். மூலையில ஒண்ணு இருக்கும். அதோட முப்பத்தொண்ணு.”

“சரி. முப்பத்தொண்ணு.”

முடிந்தது. பெட்டிக்குப் பெட்டி விலைதான் வாங்கினேன், ஒரு ரூபாய் கூட வைக்கவில்லை. ஆனால் வருஷப் பராமரிப்பு என்று ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் ஒன்றுக்கு நானூறு ரூபாய். முப்பத்தொன்றுக்குப் பன்னிரண்டாயிரத்து நானூறு. இரண்டு வருஷமும் கேட்ட அன்றே எண்ணிக் கொடுத்தார். நானும் சும்மா வாங்கவில்லை. மவுஸ் மாற்றுவேன், எலி கடித்த கேபிள் மாற்றுவேன், கீபோர்டுக்குள்ளிருந்து முறுக்குத் தூள் தட்டுவேன். ஆனாலும் அந்தப் பணத்தை வாங்கியதும் அம்மா முகத்தைப் பார்க்காமல் கிளம்பிவிடுவேன். ‘கம்ப்யூட்டர்தாம்மா’ என்று நான் சொன்ன ஒரு வார்த்தையின் மேல்தான் முப்பது நானூறும் உட்கார்ந்திருந்தன.

ஆளில்லாத காற்று

பாக்கியலட்சுமி அம்மா புளி மண்டிக் குடும்பம். புளியில் ஈரம் எவ்வளவு, கொட்டை எவ்வளவு என்று கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவார். அந்தக் கையோடுதான் பள்ளிக்கூடம் நடத்துகிறார். எல்லா அறையிலும் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை தொங்கும்: ‘ஆளில்லாத இடத்தில் காற்று எதற்கு?’

அந்த அட்டைக்குக் கை கால் முளைத்தால் அதுதான் ஆரோக்கியம். மணிக்கு ஒரு தரம் பள்ளிக்கூடத்தைச் சுற்றி வருவார். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் நிறுத்துவார். அவர் கண்ணுக்குத் தப்பி அம்மா கண்ணில் பட்டால் ஒரு ஃபேனுக்குப் பத்து ரூபாய் அவர் சம்பளத்தில் பிடித்தம். ஒரு மாதம் எழுபது ரூபாய் போய்விட்டது. அன்றிலிருந்து மனிதர் வெறியாகிவிட்டார். டீச்சர் சாக்பீஸ் எடுக்க வெளியே போய் வருவதற்குள் விளக்கை அணைத்துவிடுவார்.

இப்படிப் பேய் மாதிரி சுற்றுகிறவர் கண்ணில் மூன்று வருஷமாக என் சர்வர் படவே இல்லை. காரணம், பூட்டு.

ஏழு முறை

லேப்பை ஒட்டி ஒரு சின்ன அறை. பழைய மேப்புகளும், ஆஸ்திரேலியா அழிந்துபோன ஒரு உலக உருண்டையும் கிடக்கும். அங்கேதான் சர்வரை வைத்தேன். சூடாகாமல் இருக்க ஒரு டேபிள் ஃபேன். வராந்தாப் பக்கக் கதவுக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு. காலையில் செல்வராணி டீச்சர் திறந்து சர்வரைப் போட்டுவிட்டுப் பூட்டுவார். சாயங்காலம் திறந்து அணைத்துவிட்டுப் பூட்டுவார்.

பூட்டுக்கு ஒரு சின்னக் கிளைக்கதை. படிப்பை விட்டதும் ஒரு வருஷம் நான் பூட்டுப் பட்டறையில் சாவிக்கு அரம் போட்டேன். எங்கள் ஊர்க்காரன் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பான். நான் ஏழு முறை. பட்டறை முதலாளி ஒரு நாள் சொன்னார்: “ஏலே, திருடன்கூட ரெண்டு தரம் இழுத்துட்டுப் போயிருவான். நீ இழுக்கிற இழுப்புல பூட்டே தொறந்துக்கிரும்டா.”

அது சாபமா ஜோசியமா தெரியாது. பலித்துவிட்டது.

பரீட்சை அன்று காலையில் ஐந்து மணிக்கே எழுந்துவிட்டேன். பையில் கீபோர்டு மூன்று, மவுஸ் நான்கு, கேபிள் ஒரு கட்டு, ஸ்க்ரூடிரைவர், அஜீரண மாத்திரை, விபூதிப் பொட்டலம். மல்லிகா காபி டம்ளரோடு வந்து பார்த்தாள்.

“பரீட்சை அந்தப் புள்ளைகளுக்கா, உங்களுக்கா?”

“ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?”

“வெள்ளம் வந்தா? பரிசல் எடுத்து வச்சீங்களா?”

வழக்கப்படி அந்த அறை பூட்டியே கிடந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் நான்தான் கவலைப்படுகிறவன் ஆயிற்றே. சர்வரைப் பக்கத்திலேயே இருந்து காவல் காக்கிறேன் என்று டீச்சரிடம் சாவியை வாங்கிக் கதவைத் திறந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மூன்று வருஷத்தில் பள்ளி நேரத்தில் அந்தக் கதவு திறந்து கிடந்தது அன்றுதான்.

உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எனக்கு முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

தண்ணீர் பாய்ச்ச வந்தவன்

இது என் பழைய வியாதி. பரீட்சை என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்கு ஒன்றுக்கு வரும். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுக் கணக்குப் பரீட்சையில் மூன்று தரம் கையைத் தூக்கி வெளியே போய் வந்தேன். நாலாவது தரம் வாத்தியார் சொன்னார்: “ஏண்டா, பரீட்சை எழுத வந்தியா, தண்ணி பாய்ச்ச வந்தியா?”

வகுப்பே சிரித்தது. வெளியே போனவன் திரும்பவில்லை. சுவர் ஏறிக் குதித்து டவுன் பஸ் பிடித்தேன். ஜாமெட்ரி பாக்ஸ் அங்கேயே கிடந்தது. இன்றுவரை வாங்கவில்லை. படிப்பை வறுமையால் விட்டவர்கள் உண்டு, காதலால் விட்டவர்கள் உண்டு. மூத்திரத்தால் விட்டவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆண்களுக்கென்று இருப்பது ஒரே ஒரு கழிவறை. மைதானத்தைத் தாண்டி, வாட்ச்மேன் ரூமுக்குப் பின்னால். போய் வர எப்படியும் ஏழெட்டு நிமிடம் ஆகும். கதவைப் பூட்டிவிட்டுப் போகலாம். ஆனால் பூட்டினால் நான் ஏழு முறை இழுக்க வேண்டும். அன்றைக்கு இருந்த நிலைமையில் இரண்டு முறைக்குக்கூட வழியில்லை.

கதவைச் சும்மா சாத்திவிட்டு ஓடினேன்.

“உனக்கும் பத்து ரூவா”

திரும்பி வந்து பாண்டீஸ்வரியிடம் பேசிவிட்டு வராந்தாவில் திரும்பினால், எதிரே ஆரோக்கியம் அண்ணன். முகத்தில் புண்ணியம் செய்தவனின் களை.

“அப்பு, உள்ள ஒரு மிசினு ஆளில்லாம ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஃபேன் வேற. நிப்பாட்டிட்டேன். நீ தப்பிச்ச. அம்மா பாத்திருந்தா உன் கணக்குலயும் பத்து ரூவா புடிச்சிருப்பாக.”

“அண்ணே, சுவிட்சத்தான அணைச்சீங்க? கீழ ஒரு பேட்டரிப் பெட்டி இருந்துச்சே?”

“ஆமா, சுவிட்ச அணைச்சதும் அது கீ கீன்னு கத்த ஆரம்பிச்சிருச்சு. பரீட்சை நேரம், புள்ளைகளுக்கு இடைஞ்சலா இருக்கும்ல? அது மூஞ்சியில ஒரு பொத்தான் இருந்துச்சு, அமுக்கிப் புடிச்சேன். அடங்கிருச்சு.”

கரண்ட் போனால் காப்பாற்றத்தான் அந்த யூ.பி.எஸ். என்னைக் காப்பாற்றுங்கள் என்று அது கத்தியிருக்கிறது. அதன் வாயையும் பொத்திவிட்டார்.

அவர் மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. ஆளில்லாத இடத்தில் ஓடியது, நிறுத்தினார். ஆளாக இருந்திருக்க வேண்டியவன் நான்.

ஒன்றா, முப்பதா

லேப்புக்குள் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். அது பக்கத்து நாற்காலிக்குப் பரவி, அங்கிருந்து அடுத்த வரிசைக்குப் போனது. கேபிளே இல்லாமல் அவ்வளவு வேகமாகப் போனதை நான் பார்த்ததில்லை. துரைப்பாண்டி சார் வாசலுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. செல்வராணி டீச்சர் அவர் பின்னாலேயே வந்தார். தகவல் போய்க் கரஸ்பாண்டென்ட் அம்மாவும் வந்து நின்றார்.

“முப்பது கம்ப்யூட்டரும் ரிப்பேர்னு எழுதுறேன்” என்றார் துரைப்பாண்டி சார். வெள்ளைத்தாள் ஏற்கெனவே கையில் இருந்தது. “பரீட்சைய நிறுத்துறேன். வேற நாள் குடுத்தா வேற ஸ்கூல்ல போய் எழுதட்டும்.”

“சார், எப்பக் குடுப்பாங்களோ” என்றார் டீச்சர். “பெரிய பரீட்சை வருது சார். பாதிப் பிள்ளைக பஸ்ஸு ரெண்டு மாறி வருதுக. செத்த நேரம் பொறுங்க.”

“முப்பதும் கெட்டுக் கெடக்கு. எதுக்குப் பொறுக்கிறது?”

முப்பதும் கெடவில்லை. கெட்டது ஒன்றுகூட இல்லை. ஒரு சுவிட்சைப் போட்டால் ஏழு நிமிடத்தில் எல்லாம் வந்துவிடும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால், ஒரு சுவிட்சை அணைத்தால் முப்பது ஏன் சாகிறது என்றும் சொல்ல வேண்டும். பாக்கியலட்சுமி அம்மா இரண்டடி தள்ளி நிற்கிறார். அந்த வருஷப் பராமரிப்புப் பில் என் பையில்தான் இருந்தது. பரீட்சை முடிந்ததும் கொடுக்கலாம் என்று கொண்டுவந்திருந்தேன்.

சும்மா இருந்தால் பணம். வாயைத் திறந்தால் பரீட்சை. உள்ளே பாண்டீஸ்வரி அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், முப்பதும் கெடல. ஒண்ணுதான் நின்னுச்சு.”

“ஒண்ணு நின்னா முப்பது எப்பிடி நிக்கும்?”

“சார், இங்க மொத்தமே ஒரு கம்ப்யூட்டர்தான் இருக்கு.”

எனக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

துரைப்பாண்டி சார் இன்னொரு வெள்ளைத்தாளை எடுத்தார். “அப்ப ஒரு பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் இல்லையா? இது அதவிடப் பெரிய தப்பாச்சே.”

மூன்று வருஷத்துக்கு முன் மல்லிகாவிடம் ஒத்திகை பார்த்தது அப்போது கை கொடுத்தது.

“சார் பிரியாணி சாப்பிடுவீங்களா?”

“சாப்பிடுவேன். ஏன், வாங்கிக் குடுத்துச் சரிக்கட்டப் போறீங்களா?”

“ஐயோ, உதாரணத்துக்குச் சார். கடையில அண்டா ஒண்ணுதான் இருக்கும். இலை முப்பது இருக்கும். வேகுறது பூராம் அண்டாவுல. சாப்பிடுறது அவங்கவங்க இலையில. அந்தா மூலை ரூம்ல இருக்கிறது அண்டா. இந்தத் திரை, கறுப்புப் பெட்டி எல்லாம் இலை.”

அவர் பேனா மூடியைக் கடித்தார். “ஒருத்தி இலையில இன்னொருத்தி கை வைக்கலாமா?”

“முடியாது சார். இலைக்கு இலை பாஸ்வேர்டு இருக்கு. பக்கத்து இலைய எட்டிக்கூடப் பாக்க முடியாது.”

“காப்பி அடிக்க முடியாது?”

“தனித்தனிக் கம்ப்யூட்டர்லகூடப் பென்டிரைவ் போட்டு அடிச்சிரலாம் சார். இதுல அதுக்கு ஓட்டையவே அடைச்சு வச்சிருக்கேன்.”

அது அவருக்குப் பிடித்திருந்தது. “சரி. இப்ப என்ன ஆச்சு?”

“அண்டாவுக்கு அடியில நெருப்ப அணைச்சுட்டாங்க சார்.”

“யாரு?”

ஆரோக்கியம் அண்ணன் உத்தரத்தைப் பார்த்தார். “நெருப்புன்னு தெரியாதுங்கய்யா. ஆளில்லாம எரிஞ்சுச்சு.”

“அண்டாகிட்ட இருக்க வேண்டிய ஆளு எங்க போனாரு?”

“ஒதுங்கப் போனேன் சார்.”

யாரும் சிரிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் சிரித்தவர்களை அந்த நிமிடத்தில் மன்னித்துவிட்டேன்.

“பத்து நிமிசம்” என்றார் துரைப்பாண்டி சார். “பிள்ளைக செஞ்சது திரும்பி வந்துச்சுன்னா போன நேரத்தக் கூட்டித் தாரேன். வரலன்னா எழுதிருவேன்.”

பேர் வைக்காத பிள்ளை

சர்வரைப் போட்டேன். அது எழுந்து, கொட்டாவி விட்டு, தன் உடம்பில் ஏதாவது முறிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. என்னைப் போலவே வளர்ந்திருக்கிறது.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. திடீரென்று கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற பயத்தில், பிள்ளைகள் எழுதுவதை நிமிடத்துக்கு ஒரு தரம் தானாகச் சேமிக்கும்படி என்றைக்கோ செய்து வைத்திருந்தேன். இந்தப் பள்ளியில் மட்டுமல்ல, நான் போட்ட எல்லா லேப்பிலும். வாழ்நாளெல்லாம் பட்ட கவலையில் உருப்படியானது அந்த ஒன்றுதான்.

ஏழாவது நிமிடம் முதல் திரை வந்தது. அப்புறம் மளமளவென்று எல்லாம் வந்தன. இருபத்தொன்பது பேருக்கும் எழுதியது அப்படியே இருந்தது, கடைசி ஒன்றிரண்டு வரி போனது தவிர.

முப்பதாவது பாண்டீஸ்வரி.

“என்னுது எங்கண்ணே?” என்றாள் வாசல் பக்கம் திரும்பி.

“ஃபைலுக்குப் பேரு வச்சியா?”

“முழுசா முடிச்சுட்டு வைப்போம்னு இருந்தேன்.”

“பேரு வச்சாத்தாம்மா அது சேத்து வைக்கும். ஆரம்பத்துலயே வைக்கணும்.”

“நீங்க போனதும் வந்திருக்கணும்ணே.”

அவள் திரும்பி, ஒரு பேரை வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து தட்ட ஆரம்பித்தாள்.

துரைப்பாண்டி சார் கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் கூட்டிக் கொடுத்தார். பிறகு என்னிடம் வந்தார். “நீங்க அந்த அண்டா முன்னாடி உக்காருங்க. பரீட்சை முடியுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. புரியுதா?”

உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கரஸ்பாண்டென்ட் அம்மா துரைப்பாண்டி சாருக்கு மோர் கொடுத்தனுப்பினார். அதில் ஒரு டம்ளர் எனக்கும் கிடைத்தது. பதற்றத்தில் யோசிக்காமல் குடித்துவிட்டேன்.

அடுத்து நடந்ததை ஒரு வார இதழில் எவ்வளவு எழுதலாம் என்று தெரியவில்லை. உலக உருண்டையில் கடல் எதுவும் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டேன். முழங்காலை முழங்காலோடு ஒட்டினேன். மணிக்கு ஒரு தரம் வரும் சுற்றில் ஆரோக்கியம் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். ஆள் இருந்தது. திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஒவ்வொருவராக முடித்தார்கள். தூறல் மெலிந்து, கடைசியில் ஒரே ஒரு கீபோர்டுச் சத்தம் மட்டும் கேட்டது. சொட்டுச் சொட்டாக. என் நிலைமையில் கேட்கக் கூடாத சத்தம் அது. கூட்டிக் கொடுத்த இருபது நிமிடத்தில் மூன்றோ நான்கோ மிச்சம் இருக்கும்போது அது நின்றது.

“சார், விடை வந்துருச்சு” என்றது பாண்டீஸ்வரியின் குரல்.

நான் எழுந்தேன். சர்வரை டீச்சரிடம் ஒப்படைத்தேன். கதவைச் சாத்திப் பூட்டினேன். ஏழு முறை இழுத்தேன். அதன் பிறகுதான் மைதானத்தில் இறங்கினேன். ஒரு பரீட்சையை முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை, கிட்டத்தட்ட முழுசாக, நான் உட்கார்ந்து முடித்தது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

இலைக்கு விலை

இப்போது அந்த அறையில் பரீட்சை நாட்களில் ஆரோக்கியம் அண்ணனின் காக்கிச் சட்டை ஒன்று நாற்காலியில் மாட்டிக் கிடக்கிறது. ஆள் இருக்கிற மாதிரி. அவரே செய்த ஏற்பாடு. அவரை அவரே நம்பவில்லை.

பாண்டீஸ்வரி திண்டுக்கல்லில் காலேஜ் சேர்ந்துவிட்டாள். போன வாரம் கடைக்கு வந்து ஒரு மவுஸ் வாங்கினாள். அவள் காலேஜிலும் இதே கறுப்புப் பெட்டிதானாம், நூறுக்கு மேல். “அண்டாவுக்கு ஏசி ரூமுண்ணே. ஆனா அங்கயும் முன்னாடி யாரும் உக்காரல. எனக்குத்தான் பக்குன்னு இருக்கு” என்றாள். வியாதி தொற்றிவிட்டது. மவுஸுக்குக் காசைக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

கரஸ்பாண்டென்ட் அம்மா அன்றைக்கு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன். பத்து நாள் கழித்துப் பில்லோடு போனேன். மேஜை டிராயரைத் திறந்து எண்ணி வைத்தார். நான்கு நூறு ரூபாய்த் தாள்.

“அம்மா, பில்லு பன்னெண்டாயிரத்து நானூறும்மா.”

“கம்ப்யூட்டர் ஒண்ணுக்கு நானூறு. மொத்தமே ஒரு கம்ப்யூட்டர்தான் இருக்குன்னு நீதான தம்பி சொன்ன.”

“மிச்ச முப்பதையும் நான்தாம்மா பாத்துக்கிறேன்.”

“அது இலைன்னு சொன்ன. நானும் எம்புட்டோ வருசமா பிரியாணி வாங்குறேன். பிரியாணிக்குக் காசு குடுத்திருக்கேன். இலைக்குன்னு தனியா எவனும் கேட்டதில்ல.”

வாசலிலிருந்து ஆரோக்கியம் அண்ணன், “பார்சல்னா அஞ்சு பத்து வாங்குவாகம்மா” என்றார். எனக்காகப் பேசிய ஒரே ஜீவன்.

“நீ உள்ள வந்து அந்த ஃபேன நிப்பாட்டு” என்றார் அம்மா.

ஃபேன் என் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது.

“ஆளிருக்காகளேம்மா.”

“தம்பி கெளம்பப் போகுது.”

கிளம்பினேன். மல்லிகாவிடம் சொன்னேன். “அந்த உதாரணத்த நான் அப்பவே நல்லா இருக்குன்னு சொன்னேன்ல” என்றாள். மறுபடி இரண்டு பில் எழுதி அனுப்பினேன். இரண்டாவது பில்லில் திரை, கீபோர்டு, மவுஸ், கேபிள் என்று தனித்தனியாகப் பிரித்தும் எழுதினேன். அம்மா அதன் பின்பக்கத்தில் ‘இலை, தண்ணீர், வெங்காயம்’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். எலி கடித்தால் இப்போதும் நான்தான் போய்க் கேபிள் மாற்றுகிறேன். வர வேண்டிய பாக்கி, இதை எழுதும் இன்று காலை வரை, பன்னிரண்டாயிரம் ரூபாய்.